விலாசப் புத்தகமும் விளம்பரக் கடிதமும்

நம் சங்கத்து உறுப்பினர்களில் சிறுதொழில் செய்வோர் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். செம்பூரிலும் முலுண்டிலும் வீட்டிலிருந்தபடியே பொடி வகைகளும் ஊறுகாயும் செய்து விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கடைகளுக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்வோர், வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுப்போர், நவக்கிரகக் கோயில்களுக்கு யாத்திரை அழைத்துச் செல்வோர் என்று பட்டியல் நீளும். பிழைக்க வந்த ஊரில் சொந்தக் காலில் நிற்கிற இவர்களுடைய தொழில் வளர வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இவர்களில் சிலர் கொஞ்ச காலமாக ஒரு கோரிக்கையைச் சொல்லி வருகிறார்கள். "சங்கத்திடம் உறுப்பினர் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் இருக்கிறது. அதை எங்களுக்குத் தந்தால் எங்கள் பொருள்களைப் பற்றி எல்லோருக்கும் எழுதிவிடுவோம். தமிழனுக்குத் தமிழன் உதவாமல் வேறு யார் உதவுவார்?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. கொடுத்தால் சங்கத்துக்குக் கெடுதல். கேட்கிற அன்பர்களுக்கு அதைவிடக் கெடுதல். அதன் காரணத்தையும், அந்தப் பட்டியல் இல்லாமலேயே பிறர் விரும்பித் திறந்து படிக்கும்படி எழுதுவது எப்படி என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். மும்பையில் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர்களுக்கு விளம்பரக் கடிதம் அனுப்புவது என் பொறுப்புகளில் ஒன்று. முதலில் தபாலில் அனுப்பினோம், பிற்பாடு மின்னஞ்சலில். வழவழப்பான காகிதத்தில் நான்கு வண்ணத்தில் அச்சடித்த உறைகள் டாக்டரின் மேஜைக்குப் போகாமலே குப்பைக் கூடைக்குப் போனதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். கையால் விலாசம் எழுதிய சாதாரண உறை மட்டும் மேஜைக்குப் போகும். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை.

முதல் விளம்பர மின்னஞ்சல்

மின்னஞ்சலில் விளம்பரம் தொடங்கிய கதையே நம்முடைய இந்த விவாதத்துக்குப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் என்ற வலைப்பின்னல் அமெரிக்காவில் இருந்தது. ஆராய்ச்சியாளர்களும் அரசு அலுவலர்களும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் விற்பனைப் பொறுப்பில் இருந்த கேரி துயர்க் என்பவர், தம் கம்பெனியின் புதிய கம்ப்யூட்டர்களைக் கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களில் காட்டப் போவதாக ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார்.

அந்த 400 முகவரிகளும் எங்கிருந்து கிடைத்தன? ஆர்பாநெட்டைப் பயன்படுத்துவோரின் பெயர்களையும் முகவரிகளையும் தொகுத்து அச்சிட்ட விலாசப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒருவரையொருவர் தொடர்பு கொள்வதற்காக, நம் சங்கத்து உறுப்பினர் கையேடு மாதிரி வைத்துக்கொண்ட புத்தகம் அது. அதிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். முகவரிகள் அதற்குரிய இடத்தில் அடங்காமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. பெற்றவர்களுக்குக் கோபம் வந்தது. இந்த வலைப்பின்னல் அரசுப் பணிக்கு மட்டுமே உரியது என்று பொறுப்பில் இருந்த அதிகாரிகள் கண்டித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் கடிதத்தால் நல்ல விற்பனை ஆயிற்று என்று துயர்க் அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நான் அதை மறுக்கவில்லை. யாரும் அதுவரை செய்யாத காரியம், அதனால் எல்லோரும் படித்தார்கள். ஒருவர் செய்தால் அது வியாபாரம். அதையே ஊரில் உள்ள அத்தனை பேரும் செய்யத் தொடங்கினால் படிக்க ஆள் இருக்காது. இன்று நம் ஒவ்வொருவருடைய செல்போனிலும் இருக்கும் நிலைமை இதுதான். 2013ஆம் ஆண்டு ஜிமெயில் விளம்பரக் கடிதங்களைத் தனி அறையில் போட்டுப் பிரித்துவைக்கத் தொடங்கியது. அந்த அறையை எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

திறக்க வைப்பது எது?

ஒரு கடிதம் வந்தால் நாம் முதலில் பார்ப்பது என்ன? அனுப்பியவர் பெயரை. தெரிந்தவராக இருந்தால் திறக்கிறோம். அவர் முன்பு எழுதிய கடிதத்தால் நமக்கு ஏதாவது பிரயோஜனம் இருந்திருந்தால் உடனே திறக்கிறோம். தலைப்பு வரியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். எனவே கடிதம் திறக்கப்படுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கடிதம் அல்ல. இதற்கு முன் போன கடிதங்கள். நம் பெரியவர்கள் வியாபாரத்தில் நாணயம் என்று சொன்னார்களே, அது இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது.

இந்த நாணயத்தைச் செலவழித்துவிடுவது மிகச் சுலபம். "மாபெரும் தள்ளுபடி", "கடைசி வாய்ப்பு", "உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது" என்று தலைப்புப் போட்டு, உள்ளே வழக்கமான விலைப்பட்டியலை வைத்தால் ஒருமுறை திறப்பார்கள். ஆசை காட்டி மோசம் செய்தார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பெயரைக் கண்டதுமே அழித்துவிடுவார்கள். பெரிய கம்பெனிகளுக்கு நூறு பேர் போனால் ஆயிரம் பேர் வருவார்கள். நம் சகோதரிகளுக்கு மொத்த வாடிக்கையே இருநூறு முந்நூறு பேர்தான். அவர்களால் அந்த விளையாட்டை ஆட முடியாது.

சங்கம் முகவரிகளைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் நான்கு கடிதம் வரும். கொடுத்தது தெரிந்ததும் பதினைந்து பேர் கேட்பார்கள்; ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுக்க முடியாது. பொடிக்கும் ஊறுகாய்க்கும் பின்னால் ஊர்ப்பக்கம் மனை விற்பவர் வருவார், அதிக வட்டி தருவதாகச் சொல்பவரும் வருவார். "சங்கத்தில் வாங்கிய முகவரி" என்ற ஒரு சொல் போதும், நம் மூத்தோர் சந்தேகப்பட மாட்டார்கள். பென்ஷன் பணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் இருக்கிற ஒரு பெரியவர் அதை நம்பிப் பணம் கட்டினால் அந்தப் பழி யார் தலையில் விழும்?

இன்னொன்றும் நடக்கும். சங்கத்தோடு சம்பந்தப்பட்ட கடிதம் என்றாலே விளம்பரம் என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி சங்கம் எழுதினாலும் திறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஓர் உறுப்பினருக்கு இரத்தம் வேண்டும் என்று அவசரமாக எழுதினாலும் அந்தக் கடிதம் ஊறுகாய் விளம்பரங்களுக்கு நடுவே மூடியே கிடக்கும். பொடி விற்க நாம் கொடுக்கிற விலை இவ்வளவா?

சட்டமும் இதையே சொல்கிறது. 2023ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றத்தில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வர ஏற்பாடாகியிருக்கிறது. ஒருவருடைய விவரத்தை எந்தக் காரியத்துக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கினோமோ அந்தக் காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ள வசதி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது. தமிழ் அந்த 22இல் ஒன்று. நாம் சங்கத்துக்கு முகவரி கொடுத்தது பொங்கல் விழா அழைப்புக்கும் சந்தா நினைவூட்டலுக்கும்தான்; விளம்பரத்துக்கு அல்ல.

எழுத வேண்டிய முறை

"அப்படியானால் நாங்கள் எப்படித்தான் விற்பது?" என்று அன்பர்கள் கேட்பார்கள். கேட்டு வாங்கிய ஐம்பது முகவரி, கேட்காமல் எடுத்த ஐந்நூறு முகவரியைவிட மேல் என்பதே என் பதில். உங்களிடம் ஒருமுறை வாங்கியவரிடம், "அடுத்த முறை செய்யும்போது எழுதட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றவர் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதவா ஆங்கிலத்தில் எழுதவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்களுக்கோ நூறு ஆங்கிலக் கடிதங்களுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ்த் தலைப்பு கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போகும். பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத வசதி இது.

அனுப்புபவர் பெயர் வருகிற இடத்தில் கம்பெனிப் பெயரை மட்டும் போடாமல் உங்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து ஒருபோதும் அனுப்பாதீர்கள். பேச விருப்பமில்லாதவர் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்?

தலைப்பு வரியில் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே செல்போனில் பார்ப்பவருக்குத் தலைப்பின் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும். "எங்கள் நிறுவனத்தின் அன்பான வணக்கங்களுடன்" என்று தொடங்கினால் அந்த இடம் வணக்கத்திலேயே தீர்ந்துவிடும். "மாவடு வந்துவிட்டது" என்றால் இரண்டே சொல். மாசி, பங்குனியில் மும்பையில் உள்ள எந்தத் தமிழ்க் குடும்பம் அதைத் திறக்காமல் இருக்கும்? தலைப்புக்குப் பக்கத்தில் கடிதத்தின் முதல் வரியும் மங்கலாகத் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வரியையும் வீணாக்காதீர்கள்.

ஒரு கடிதத்தில் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவை நின்றுபோனது. சொல்லுக்குக் காசு என்பதால் அந்தக் காலத்தில் எண்ணி எழுதினோம். மின்னஞ்சலில் சொல்லுக்குக் காசு இல்லை. ஆனால் படிப்பவருடைய நேரத்துக்கு விலை உண்டு. பதினெட்டு பொருள்களின் விலைப்பட்டியலை ஒரே கடிதத்தில் திணித்தால் எதையும் வாங்க மாட்டார்கள்.

நோட்டீஸ் அடிப்பதுபோல் வண்ணப்படம் ஒன்றைத் தயாரித்து அதை மட்டும் அனுப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. படம் திறக்கச் சிக்னல் வேண்டும். பல செல்போன்களில் எழுத்து பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தாலும் படத்தில் உள்ள எழுத்து பெரிதாகாது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் படத்துக்குள் இருக்கும் சொல் பெரும்பாலும் அகப்படாது. சாதாரணத் தமிழ் எழுத்தில் எழுதினால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. உதாரணமாக ஒரு கடிதம்:

"வணக்கம். மாவடு வந்துவிட்டது. இந்த வருஷம் காய் சின்னதாக, காம்போடு நன்றாக இருக்கிறது. நேற்று உப்பில் போட்டேன். பதினைந்து நாளில் ஊறிவிடும். மொத்தம் 40 பாட்டில்தான். போன வருஷம் காரம் அதிகம் என்று சிலர் சொன்னீர்கள்; மிளகாயைக் குறைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் சனிக்கிழமைக்குள் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள். இனி எழுத வேண்டாம் என்றாலும் ஒரு வரி போடுங்கள், நிறுத்திவிடுகிறேன்."

விலையையும் சேர்த்துவிட்டால் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இதில் பொய்யான அவசரம் இல்லை. 40 பாட்டில் என்றால் உண்மையிலேயே 40 பாட்டில். வாங்குபவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார் என்பதும் தெரிகிறது. ஊறுகாய் போட்ட கை எழுதிய கடிதம் என்று படித்தவுடன் புரிகிறது.

பலருக்குச் சேர்ந்தாற்போல் அனுப்பும்போது எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பாதீர்கள். இந்தக் குறை சங்கங்களிலும் குடியிருப்புச் சொசைட்டிகளிலும் இன்னும் தீரவில்லை. பெறுபவர் கண்ணுக்கு மற்றவர் முகவரி தெரியாமல் மறைத்து அனுப்பும் வசதி எல்லா அஞ்சல் சேவைகளிலும் இருக்கிறது. பிசிசி என்று குறித்திருக்கும் இடத்தில் போட்டால் போதும்.

மாதம் ஒருமுறை என்றால் மாதம் ஒருமுறைதான். மாதச் சாமான் பட்டியல் போடும் முதல் வாரத்திலோ, தீபாவளி லேகியம் என்றால் கிளறுவதற்கு இரண்டு வாரம் முன்போ, சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும் எழுதுங்கள்.

வேண்டாம் என்பவரை மனம் நோகாமல் விடுங்கள். விலகும் வழி தெரியாவிட்டால் அவர் "குப்பை அஞ்சல்" என்ற பொத்தானை அழுத்திவிடுவார். அப்படி அழுத்துவோர் பெருகினால் நீங்கள் அனுப்பும் கடிதம் விரும்புகிறவருக்கும் போய்ச் சேராது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கியிருக்கின்றன. புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது அவர்கள் வைத்த எல்லை. ஆயிரத்துக்கு மூன்று பேர்! நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்பும் பெரியவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் தர வேண்டும். நம்மவர்கள் அத்தனை அனுப்புவதில்லை என்றாலும், 300 பேருக்கு எழுதும்போது ஒரே ஒருவர் புகார் செய்தாலும் அது அந்த விகிதத்தைத் தாண்டிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

கடைசியாக, எத்தனை பேர் திறந்தார்கள் என்று கணக்குச் சொல்லும் சேவைகளை நம்பி ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தைக் கடிதத்தில் ஒளித்துவைத்து, அது எத்தனை முறை இறங்கியது என்று எண்ணுவதே அந்தக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், விரும்புவோருடைய கடிதங்களில் உள்ள படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தானே முன்கூட்டி இறக்கி வைக்கத் தொடங்கியது. அதிலிருந்து அந்த எண்ணிக்கை ஆடிப்போயிற்று. எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பாட்டில் போயிற்று என்பதே உண்மையான கணக்கு.

இதற்கெல்லாம் வாட்ஸ்அப் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதும், அன்றைக்கு. மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும். கடிதம் பெட்டியில் இருக்கும். தை மாதம் வந்த கடிதத்தை ஆடி மாதம் தேடி எடுத்து, "அந்தப் பருப்புப் பொடி இன்னும் கிடைக்குமா?" என்று கேட்பார்கள்.

சங்கம் செய்யக்கூடியது

முகவரியைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிச் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவும் கூடாது. அது சிறுதொழில் செய்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். செயற்குழுவுக்கு என் தாழ்மையான யோசனைகள் மூன்று. பொங்கல் விழாவிலும் நவராத்திரி விழாவிலும் இந்த அன்பர்களுக்கு ஆளுக்கொரு மேஜை கொடுங்கள். மேஜைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கடிதம் வேண்டுபவர்கள் தம் கையாலேயே முகவரி எழுதட்டும். இரண்டாவது, சங்கத்தின் மாதாந்திர மின்னஞ்சலின் அடியில், சங்கச் செய்திகளெல்லாம் முடிந்த பிறகு, உறுப்பினர் தொழில்கள் என்று தலைப்பிட்டு ஆளுக்கு இரண்டு வரி போடுங்கள். பணம் வாங்கும் திட்டங்களும் மனை விற்பனையும் அதில் வேண்டாம். மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கடிதம் எழுதும் பயிற்சி நடத்துங்கள். செல்போனில் தமிழ் தட்டச்சு செய்ய நம் கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கட்டும். எழுதுவதைப் பற்றிச் சொல்ல நான் வருகிறேன்.

மூன்று மேஜை, ஐந்து நோட்டுப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று சிறிதாகத் தொடங்கினாலும் பாதகமில்லை. செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதலாம். படிக்க ஆவலாக இருக்கிறேன்.